கடைவீதி யாருடையது?

ஓர் ஊரின் கடைவீதியில் எவ்வெக் கடைகள் இருக்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அதிக வாடகை கொடுப்பவருக்கா, அவ்வூரில் வாழும் ஜனங்களுக்கா? இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவிலுள்ள இரண்டு ஊர்களின் வரலாறு இவ்விஷயத்தில் நாம் கவனிக்கத்தக்கது.

எக்ஸிடர் புராதனமான நகரம். 2005-ம் வருஷத்தில் நியூ எகனாமிக்ஸ் பவுண்டேஷன் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம், தனிக்களையை இழந்து ஒன்றைப்போல் ஒன்றாகிவிட்ட 'நகல் நகரங்களை'க் கணக்கெடுத்தது. அவ்வரிசையில் எக்ஸிடரே முதலில் நின்றது. நாடெங்கும் கிளை பரப்பிய கம்பெனிகள் அதன் பிரதான வீதியை ஆக்கிரமித்திருந்தன.

டாட்னஸ் என்பது 2011-ல் சுமார் 8,000 பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கே காபி விற்கும் தனிப்பட்டோர் கடைகள் சுமார் 40 இருந்தன. 2012-ல் காஸ்டா என்னும் பெருங் காபிக் கம்பெனி அங்கு கிளை திறக்க முற்பட்டது. 5,000-க்கு மேற்பட்டோர் ஆட்சேப மனுவில் கையொப்பமிட்டனர். ஆயினும் ஸ்தல சபை ஆகஸ்டு மாதம் அனுமதி அளித்துவிட்டது. சட்டம் கடையில் நடக்கும் தொழிலைப் பார்க்குமேயன்றி, அதன் சொந்தக்காரர் உள்ளூராரா அயலாரா என்று பாராது. ஜனங்கள் தளரவில்லை. அக்டோபரில் கம்பெனி தானே விலகிக்கொண்டது. சட்டத்தால் ஆகாதது ஜன அபிப்பிராயத்தால் ஆயிற்று!

"வியாபாரத்தில் பிறர் தலையிடலாமா?" என்று சிலர் கேட்பர். பலவகைக் கடைகள் உள்ள வீதியில் ரொட்டி வாங்க வந்தவர் புஸ்தகமும் வாங்கிச் செல்கிறார். ஒரு கடையின் வாடிக்கை மற்றொன்றைப் போஷிக்கிறது. ஒரு பெருங்கடையையே நம்பிய வீதி அதனுடன் சேர்ந்து நலியும். 2016-ல் பி.எச்.எஸ். கடைகளும், 2021-ல் டெபன்ஹாம்ஸ் கடைகளும் மூடப்பட்டபோது பல ஊர்களின் நடுவே பெரிய கட்டிடங்கள் வெறிச்சென்று நின்றன. ஆகையால் இது வியாபாரிகள் விஷயம் மாத்திரமன்று, ஊரார் விஷயமுமாகும் என்பதே நமது அபிப்பிராயம்.

2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் கடை, போஜனசாலை, பாங்கி, ஆபீஸ் ஆகியவை சட்டத்தில் ஒரே வகுப்பாக்கப்பட்டன. ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. காலியிடங்கள் விரைவில் நிரம்பும் என்பது சர்க்காரின் வாதம். நிரம்பலாம், எவற்றால் நிரம்பும் என்பதன்றோ கேள்வி? ஸ்தல சபையின் அதிகாரம் குறைந்தபின், கடைவீதியைக் காக்கும் பொறுப்பு வாங்குவோரையே சார்கிறது. மனுவில் கையொப்பமிட்ட கை, மறுநாள் உள்ளூர்க் கடையில் காசும் கொடுத்தாலன்றி அக் கையொப்பத்திற்கு மதிப்பில்லை.