தாதுப் பஞ்சமும் கடல் கடந்தோரும்: ஆவணமும் மக்கள் ஏற்பும்

பஞ்சம் ஒரு நாட்டில் இருவகைப் பிரிவை உண்டாக்குகிறது. ஒன்று சாவினால் வருவது. மற்றொன்று பெயர்ச்சியினால் வருவது. செத்தாரை ஊரார் சில காலம் நினைப்பர். பெயர்ந்தாரோ இருப்பவரோடும் எண்ணப்படார், இறந்தவரோடும் எண்ணப்படார். அவர்களைப் பற்றிய செய்தி எவ்வாறு காக்கப்பட்டது, பின்வந்தோர் அதனை எவ்வாறு ஏற்றனர் என்பன ஆராயத்தக்கவை. மதுரைச் சமவெளியைத் தாதுப் பஞ்சம் தாக்கிய காலத்தை எடுத்துக்கொண்டு இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஒப்புநோக்குக்கு அயர்லாந்து நாடு பெரிதும் உதவும். 1845 இல் அந்நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. 1841 இல் 82 இலட்சம் அளவில் இருந்த மக்கள்தொகை 1851 இல் 66 இலட்சத்துக்கும் குறைந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். அவர்களை ஏற்றிச் சென்ற கலங்களைச் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்றே மக்கள் அழைத்தனர். இத்துயரம் அந்நாட்டில் நூல்களாகவும் நினைவுச் சின்னங்களாகவும் ஆவணப் படங்களாகவும் உருப்பெற்றுள்ளது. 2008 முதல் ஆண்டுதோறும் அரசே நினைவுநாள் நடத்துகிறது. 2020 இல் அயர்லாந்துத் தேசிய ஒளிபரப்பு நிலையம் இரு பகுதிகளாக ஒரு வரலாற்று ஆவணப் படத்தை ஒளிபரப்பியது. கார்க் நகரப் பல்கலைக்கழக அறிஞர் 2012 இல் வெளியிட்ட பஞ்ச நிலப்படத் தொகுதியே அதற்கு அடிப்படை. ஆராய்ச்சி முன்செல்ல, படம் பின்சென்றது என்பது கருதத்தக்கது.

அயர்லாந்துக்கும் தமிழகத்துக்கும் இடையே ஒரு நேர்த் தொடர்பும் உண்டு. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது இலண்டன் கருவூலத்தில் அமர்ந்து உதவிப் பணத்தை இறுக்கிப் பிடித்த சார்லசு திரெவெலியன் என்பாரே 1859 இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். அவர் ஓராண்டளவே ஈண்டு இருந்தார். தாதுப் பஞ்சம் அவர் காலத்ததன்று. ஆயினும் வணிகத்தின் போக்கில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை இரு நாட்டுப் பஞ்சங்களையும் ஆண்டது. ஒரே கொள்கை இரு நிலங்களில் விளைத்த விளைவுகள் ஆதலின், இவ்வொப்பீடு வலிந்து கொண்டதன்று.

இனி மதுரைக்கு வருவோம். தாது என்பது 1876 சித்திரையில் தொடங்கிய தமிழாண்டின் பெயர். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஈசுவர ஆண்டிலும் துயரம் நீங்கவில்லை. மதுரைக்கு வடமேற்கே வைகையை அடுத்துள்ள பரவை முதலிய ஊர்கள் அந்நாளில் வைகை வெள்ளத்தையும் கண்மாய்களையுமே நம்பியிருந்தன. பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது 1895 இலே தான். நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அத்திட்டத்தை விரைவுபடுத்தியதும் இப்பஞ்சமே.

மழையின்மை மட்டும் இத்துணைச் சாவுக்குக் காரணம் ஆகாது. 1876 தொடக்கத்தில் மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை அமைந்துவிட்டது. அப்பாதை தானியத்தைக் கொணர்ந்தது. அதே பாதை விலை மிக்க இடம் நோக்கித் தானியத்தைக் கொண்டுசெல்லவும் செய்தது. தானியம் இருந்தும் வாங்கும் பொருள் இல்லாமையே ஏழை உழவனையும் நெசவாளனையும் கொன்றது. உதவிப் பணிகளைப் பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், ஆண் ஒருவனுக்கு நாட்கூலியாக 1 பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என 1877 இல் வரையறுத்தார். அவ்வுணவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று மாகாண நலத்துறைத் தலைவரான மருத்துவர் கார்னிசு மறுத்தெழுதினார். தென்னிந்தியா முழுவதிலும் இப்பஞ்சத்தால் மாண்டோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பர்.

உணவு இல்லாதவன் செல்லும் வழி எது? மதுரை நாட்டாருக்கு அஃது ‘கண்டிச் சீமை’ வழியாக இருந்தது. இலங்கை மலைகளில் அந்நாளில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. ஊர் தோறும் வந்த கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினான். மக்கள் தொண்டி, பாம்பன் முதலிய துறைகளுக்கு நடந்து, தோணி ஏறி, மன்னாரில் இறங்கினர். பின்னர் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியில் மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகப் பலரைக் கொண்டன. 1877 இல் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்குச் சென்றனர். பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்பதும் ஒரு பொருள். கடலையே கண்டறியாத வைகைக்கரை உழவர் அக்கடலைக் கடந்தது வேட்கையால் அன்று, பசியால் என்க.

இவ்விடத்து ஓர் இன்றியமையா வேறுபாட்டை உணர வேண்டும். மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் சென்றோர் ஒப்பந்தத்தின் கீழ்ச் சென்றனர். ஆதலின் கப்பல் தோறும் பதிவேடுகள் எழுந்தன. 1860 இல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பலில் நேட்டாலுக்குச் சென்றோரின் பெயர்களை இன்றும் நாம் காணலாம். இலங்கைக்குச் சென்றோரோ பெரும்பாலும் கங்காணியின் கடன் கணக்கில் மட்டுமே எழுதப்பெற்றனர். அரசு அவர்களைத் தலை எண்ணியது, பெயர் எழுதவில்லை. தொகை அறியப்பட்டு ஆள் அறியப்படாமற் போனதற்கு இதுவே முதற்காரணம் எனக் கருதுகின்றோம்.

எஞ்சிய ஆவணங்கள் மூவகைப்படும். முதல்வகை ஆட்சியாளரும் அவரைச் சார்ந்தோரும் எழுதியவை. சென்னையில் நாளிதழ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878 இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூல் இவற்றுள் தலையாயது. ஆட்சியின் குறைகளை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அந்நூலில் பேசுவோர் அதிகாரிகளே. பசித்தோர் பேசப்படும் பொருளாகவே நிற்கின்றனர்.

இரண்டாம் வகை நிழற்படம். சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லபி ஊப்பர் என்பார் பஞ்சத்தால் எலும்புருவானோரை வரிசையாக இருத்திப் படம் எடுத்தார். இன்று தாதுப் பஞ்சம் என்றவுடன் நம் கண்முன் வருவன அப்படங்களே. அவற்றைக் கண்டு இரங்கினோரும் உண்டு. உணவளியாது படம் எடுத்தார் என்று கண்டித்தோரும் உண்டு. அப்படங்களில் உள்ளோர் யாவர், எவ்வூரார், பின்னர்ப் பிழைத்தனரா என்னும் செய்தி யாதும் இல்லை. துயரைக் காட்டியது படம், துயருற்றவரைக் காட்டவில்லை.

மூன்றாம் வகை மக்கள் இலக்கியம். பஞ்சக் கும்மிகள் சிறு நூல்களாக அச்சாகிக் கைமாறின. சிவகங்கை வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899 இல் வெளிவந்த ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இவ்வகையுள் தனிச் சிறப்புடையது. பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். இறைவனோ தம்மால் இயலாதெனச் சிவகங்கை வேந்தருக்குத் திருமுகம் விடுக்கின்றார். பாணபத்திரருக்காகச் சேரமானுக்குத் திருமுகம் விடுத்த பழங்கதையைப் புலவர் எள்ளலாக மாற்றியுள்ளார். இறைவனே கைவிரிக்கும் காலம் என்பது அதன் குறிப்பு. ஆனால் மக்கள் வடிவம் எல்லாம் மக்கள் பக்கம் நின்றன எனல் பொருந்தாது. 1869 இல் இலங்கையில் ஆபிரகாம் சோசேப்பு இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ தோட்டத் துரைமாரின் நோக்கில் எழுந்தது. கும்மி என்னும் வடிவம் அழுகைக்கும் ஆள் சேர்ப்புக்கும் ஒருங்கே பயன்பட்டது. ஆதலின் ஆவணத்தின் வடிவத்தை மட்டும் கண்டு அதன் சார்பைத் துணிதல் கூடாது.

இனி, பிற்கால ஏற்பு. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தோட்டத்துக்குச் சென்ற ஏழைப் பெண்ணின் அழிவைக் காட்டினார். ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பால் ஆரிசு தானியேல் 1969 இல் எழுதிய ஆங்கில நாவல், ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் 2007 இல் வெளிவந்த பின்னரே நம்மவரிடைப் பரவியது. அதனைத் தழுவி 2013 இல் ‘பரதேசி’ என்னும் திரைப்படம் எழுந்தது. அதனைக் கண்டு கலங்கினோர் பலர். மூலநூலில் தொழிலாளர்க்கு உதவும் மருத்துவர் உயர்வாகக் காட்டப்பட, படத்தில் அவ்விடத்தே மதமாற்றம் பற்றிய எள்ளல் புகுந்தது ஏன் என வினவினோரும் பலர். அதே ஆண்டில் வெளிவந்த செயமோகனின் ‘வெள்ளை யானை’ தாதுப் பஞ்சத்தையே பொருளாகக் கொண்டது. அதன் தலைவன் அயர்லாந்துக்காரன். தன் நாட்டுப் பஞ்சத்தை அறிந்தவன் நம் பஞ்சத்தைக் காண்பதாக அந்நாவல் அமைந்தது கருதத்தக்கது.

இவ்வேற்பினைத் தொகுத்து நோக்கின், மக்கள் இத்துயரை ஏற்க மறுத்தனர் எனல் இயலாது. சொல்லப்பட்ட போதெல்லாம் கேட்டனர், கலங்கினர், வாதிட்டனர். குறை வேறிடத்தது. அயர்லாந்திலிருந்து பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் குடியுரிமையும் செல்வமும் பெற்று, தம் முன்னோரின் பஞ்சத்தைத் தாமே பேசினர். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் நாடுகளிலிருந்து இலங்கை சென்றோரின் வழித்தோன்றல்களோ 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்களைப் பேசவொட்டாது தடுத்தது மறதி அன்று. பேசுதற்குரிய நிலம் இன்மையே. மீண்டும் ஒருமுறை அவர்கள் எண்ணப்பட்டனர்; பெயர் சொல்லி அழைக்கப்படவில்லை.

ஆகவே தாதுப் பஞ்சத்தைப் பற்றி நல்லதோர் ஆவணப் படம் எழவேண்டின், அதற்கு முன் எழவேண்டுவது பெயர்ப் பட்டியல். பரவை போன்ற ஊர்களில் கண்டிக்குச் சென்று திரும்பிய குடும்பங்களின் வழிவழிச் செய்திகள், குலதெய்வக் கோயில்களில் இன்றும் வரி செலுத்தும் வெளிநாட்டுக் கிளைகளின் உறவுமுறைகள், முதியோர் நாவில் உள்ள ஒப்பாரிகள், பழைய பத்திரங்களில் காணும் நிலவிற்பனைகள் ஆகியவற்றை ஊர் ஊராகத் தொகுத்தல் வேண்டும். மலைநாட்டுப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அக்கரையில் தொகுத்தார். இக்கரைப் பணி அதற்கு இணையாக நடைபெறவில்லை. இருகரைச் செய்திகளும் பொருந்தும்போது, சென்றவன் யார், அவன் விட்டுச் சென்ற வீடு எது என்பன புலப்படும். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. சொல்வோர் குறைந்து வருகின்றனர். இதனைத் தமிழ்த்துறை மாணவர் தம் கள ஆய்வுப் பொருளாக மேற்கொள்வாராயின், ஊப்பரின் படங்களில் உள்ளோர்க்குப் பெயரிட இயலாவிடினும், அவரோடொத்த பல்லாயிரவருள் சிலர்க்கேனும் பெயரும் ஊரும் மீளக் கிடைக்கும்.