வெட்பாலையும் அரக்கும்

வரப்போரத்து வெட்பாலையைக் குடியானவர்கள் பெரும்பாலும் விறகென்றே கருதுகின்றனர். கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள சன்னபட்டணத்துக் கடைசற்காரருக்கோ அதுவே பொம்மை மரம். வெளுத்த நிறமும் நெருங்கிய இழையும் உடையதாதலின், வர்ணம் அதன்மேல் தெளிவாய் விளங்கும்.

இலந்தை, புரசு முதலிய மரங்களில் வாழும் பூச்சியினின்று கிடைக்கும் அரக்கை இளக்கி, மஞ்சள் முதலிய சாயங்களைச் சேர்த்துப் பிசைந்து குச்சிகளாக்குவர். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டால் அரக்கு உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தபின் பளபளப்பு உண்டாகும். தூரிகைக்கு இங்கே வேலையில்லை.

ஈரமரத்தைக் கடைந்தால் அது பின்னர்ச் சுருங்கி வெடிக்கும். அரக்கும் உடன் பெயரும். ஆதலின் கட்டைகளை இரண்டு, மூன்று மாதங்கள் உலரவிடுவர். கடைசலுக்கு விற்க எண்ணும் மிராசுதார்கள், மரத்தை வெட்டுமுன் நிழலான கொட்டகை ஒன்றைச் சித்தஞ்செய்து கொள்ளல் நலம்.