தும்மல் மாத்திரையும் முப்பது மீட்டர் ஆழமும்

அந்தமானிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா டைவிங்குக்குப் பணம் கட்டியாயிற்று. கிளம்பும் நாள் பார்த்துத் தும்மலும் மூக்கடைப்பும் பிடித்துக்கொள்கின்றன. மூக்கு அடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, கடலில் இறங்கவும் முடியாது. எனவே மருந்துக்கடையில் ஒரு சளி மாத்திரை. படகு ஆடுமே என்று கூடவே ஓர் அவோமின். "தூக்கமெல்லாம் வரல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே படகேறிவிடுகிறார்கள். தூக்கம் வராததை வைத்து மூளை தெளிவாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

மாத்திரை மூளையில் செய்வது என்ன?

ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின்தான் தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் காரணம். அதே ஹிஸ்டமின் மூளைக்குள் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் வேலையைப் பார்க்கிறது. குளோர்பெனிரமின், அவிலில் உள்ள பெனிரமின், டைபென்ஹைட்ரமின், அவோமினில் உள்ள புரோமெத்தசின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதில் புகுந்து அந்த வேலையையும் தடுத்துவிடுகின்றன. கடையில் கேட்டதும் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமினும் சேர்ந்தே இருக்கிறது. பெரியவர்களின் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். முந்தின இரவு போட்ட மாத்திரை காலையில் நம்மோடு படகேறுகிறது என்று பொருள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வாகனம் ஓட்டும் சிமுலேட்டரில் ஒரு சோதனை நடத்தினார்கள். டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் எடுத்தவர்கள், மது அருந்தியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். புதிய தலைமுறை மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் எடுத்தவர்களின் ஓட்டத்தில் அப்படிப்பட்ட பாதிப்பு தெரியவில்லை. இன்னொன்றும் தெரியவந்தது: எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து, அவர்கள் எவ்வளவு தடுமாறுவார்கள் என்று கணிக்க முடியவில்லை.

ஆழம் சேர்க்கும் சுமை

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் மதுபோல மயக்கம் தரும். காரணமில்லாத உற்சாகம், ஞாபக மறதி, ஒரே விஷயத்தில் ஒட்டிக்கொள்ளும் கவனம் இவை அதன் அடையாளங்கள். இதற்கு ஆட்பட்டவருக்கும் தான் தடுமாறுவது தெரியாது.

டைபென்ஹைட்ரமினை உள்ளடக்கிய டைமென்ஹைட்ரினேட் என்ற பயண வாந்தி மருந்தை, ஆழ்கடல் அழுத்தத்தை உண்டாக்கும் அறையில் முக்குளிப்பவர்களுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஆழம் ஞாபகசக்தியைக் குறைத்தது. மருந்து, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறும் திறனைக் குறைத்தது. நீருக்கடியில் இரண்டுமே தேவை. சிலிண்டரில் வழக்கமாக 200 பார் காற்றோடு இறங்கி, 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். மந்தமான மூளை அழுத்தமானியில் 70 என்ற எண்ணைப் பார்க்கும், படிக்கவும் செய்யும். ஆனால் 'இப்போது திரும்ப வேண்டும்' என்ற முடிவு வந்து சேராது.

முதல்முறை இறங்குபவர்களைப் பொதுவாக 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோவதில்லை. அங்கே நைட்ரஜன் மயக்கம் பெரிதல்ல. மாத்திரை மயக்கம் இருக்கும். பயிற்சியாளரின் கைச்சைகையைக் கவனிப்பதில் சில வினாடி தாமதம்கூட அங்கே சிக்கல்தான்.

எதை எடுக்கலாம்?

ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின், பிலாஸ்டின் ஆகியவை மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைபவை. செட்ரிசின் புதிய தலைமுறையைச் சேர்ந்ததுதான். ஆனாலும் 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்குத் தூக்கக் கலக்கம் வந்ததாகவும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 6 சதவீதம் என்றும் அதன் அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது. நம் ஊரில் அடிக்கடி எழுதித்தரப்படும் லெவோசெட்ரிசின், மான்டெலுகாஸ்ட் கூட்டு மாத்திரையில் மான்டெலுகாஸ்ட்டுக்கு, மனநிலை மாற்றம் பற்றிய கடும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் சேர்த்தது. எதுவானாலும் முதல்முறையாகக் கடலில் சோதித்துப் பார்க்காதீர்கள்; சில நாள் முன்பே தரையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வாமை தொடர்ந்து இருப்பவர்கள், ஃப்ளூட்டிகசோன் போன்ற மூக்கு ஸ்பிரேயை ஓரிரு வாரம் முன்பே தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது மூளையை மந்தப்படுத்தாது. ஆனால் முழுப் பலன் தரச் சில நாள் பிடிக்கும்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தில் வேறொரு வம்பு உண்டு. அதன் வீரியம் நீருக்கடியில் தீர்ந்துவிட்டால், மேலேறும்போது காதிலும் சைனஸிலும் காற்று சிக்கிக்கொண்டு கடும் வலி தரும். மூச்சிரைப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவர் அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது.

உங்கள் உரிமைகள்

டைவிங் நிலையங்கள் தரும் மருத்துவப் படிவம், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளைப் பற்றித்தான் கேட்கும். கடையில் நீங்களே வாங்கிப் போட்டதையும் அதில் எழுதுங்கள், பயிற்சியாளரிடமும் சொல்லுங்கள். ஆபத்துகளை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கும்படி கேட்கலாம். சேவையின் தரம் பற்றித் தகவல் பெறும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பொறுப்புத் துறப்புத் தாளில் கையெழுத்திட்டதாலேயே நிலையத்தின் கவனக்குறைவு பற்றிப் புகார் செய்யும் உரிமை போய்விடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஆனால் மருந்தை மறைத்திருந்தால் உங்கள் தரப்பு வலுவிழக்கும்.

பழைய ஒவ்வாமை மருந்துகள் பல நம் மருந்து விதிகளின் 'ஜி' அட்டவணையில் உள்ளவை. மருத்துவ மேற்பார்வையின்றி உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கை அவற்றின் உறையிலேயே இருக்க வேண்டும். மாத்திரைகளைத் துண்டாக வெட்டித் தந்தால் முழு அட்டையைக் கேட்டுப் படியுங்கள். பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம்.

நீருக்கடியில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் துணைவருக்குச் சைகை காட்டி, அவரோடு மெதுவாக மேலேறுங்கள். சில மீட்டர் ஏறினாலே நைட்ரஜன் மயக்கம் தெளியும், மாத்திரை மயக்கம் தெளியாது. எனவே அன்றைக்கு மறுபடி இறங்க வேண்டாம். கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

பணம் கட்டும்போதே, சளி பிடித்தால் தேதி மாற்றித் தருவீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலரை மாத்திரை போட்டு இறங்க வைப்பது, கட்டிய பணம் போய்விடுமே என்ற கவலைதான்.