பதினாறு வாட்-மணி

சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் மாலை ஆறு மணிக்கு மேல் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. அங்கே ஒரு சிறு கடையின் முன்னால் அண்ணன் மகனோடு நின்றிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறை வேலையில் சேர்த்த பணத்தில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைப் பழையதாக வாங்க வேண்டும் என்று என்னையும் அழைத்து வந்திருந்தான். கடைக்காரர் இரண்டை எடுத்துக் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தார். ஒரே உருவம், ஒரே திரை, ஒரே விலை.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, எது வேணுமோ எடுத்துக்கோ."

"சித்தப்பா, எது நல்லாருக்கு?"

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2017இல் வந்த முதல் ஸ்விட்சை ஒருமுறை சார்ஜ் செய்தால் இரண்டரை மணி முதல் ஆறரை மணி நேரம் வரை விளையாடலாம் என்று அதைச் செய்த நிறுவனமே அறிவித்தது. 2019இல் அதே பெயரில், அதே தோற்றத்தில் வந்த மறுபதிப்புக்கு அந்தக் கணக்கு நாலரை மணி முதல் ஒன்பது மணி வரை. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் பேட்டரி மாறவில்லை. இரண்டிலும் 4310 மில்லி ஆம்பியர்-மணி; சக்திக் கணக்கில் சொன்னால் 16 வாட்-மணி. அதே அளவு எண்ணெய் ஊற்றிய இரண்டு அகல்களில் ஒன்று மட்டும் விடிய விடிய எரிகிறது. ஏன் என்று அவனிடம் கடைவாசலில் அரைகுறையாகச் சொன்னேன். முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் 1989இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி ஜப்பானில் நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் விற்பனைக்கு வந்தது. செங்கல் போன்ற சாம்பல் நிறப் பெட்டி. திரையில் வண்ணம் கிடையாது. பாசிபிடித்த குளத்தைப் போன்ற பச்சைப் பின்னணியில் நான்கே நான்கு சாயல்கள். திரைக்குள் விளக்கும் இல்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் அடாரி நிறுவனம் லிங்க்ஸ் என்ற கருவியை இறக்கியது. அதில் வண்ணத் திரை, பின்னால் வெளிச்சம், வேகமான சில்லு எல்லாம் இருந்தன. மறு ஆண்டு சேகா நிறுவனத்தின் கேம் கியர் வந்தது, அதுவும் வண்ணம்தான். அருகருகே வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளைபோல் நிற்கும். ஆனால் அதுவும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் கிட்டத்தட்ட 11.87 கோடி விற்றன. மற்ற இரண்டும் அந்த எண்ணின் பக்கத்தில்கூட வரவில்லை.

விலை ஒரு காரணம். அமெரிக்காவில் கேம் பாய் ஏறக்குறைய 90 டாலர், லிங்க்ஸ் 180. கூடவே கொடுத்த டெட்ரிஸ் விளையாட்டு இன்னொரு காரணம். என்னை வியக்க வைப்பது மூன்றாவது காரணம். சுவர்க்கடிகாரத்தில் போடுகிற ஏஏ பேட்டரி நான்கைப் போட்டால் கேம் பாய் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். லிங்க்ஸுக்கும் கேம் கியருக்கும் ஆறு பேட்டரி வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். ரிமோட்டில் தீர்ந்த பேட்டரியை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு வாரம் ஓடாதா என்று பார்த்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்களின் அர்த்தம் சொல்லாமலே புரியும்.

கேம் பாயின் முதுகில் ஒட்டிய சீட்டில் 0.7 வாட் என்று அச்சிட்டிருக்கும். நல்ல ஆல்கலைன் பேட்டரி ஒன்றில் தோராயமாக 3 வாட்-மணி சக்தி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு 12. பன்னிரண்டை 0.7ஆல் வகுத்தால் பதினேழு மணி நேரம். ஸ்விட்சின் லித்தியம் பேட்டரியில் இருப்பது 16 வாட்-மணி. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடியும் கையில் ஏந்தும் சக்தியின் அளவு ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. கை மாறவில்லை அல்லவா? அது தாங்கும் எடை, பொறுக்கும் சூடு, பிடிக்கும் அகலம் எல்லாம் அன்று இருந்தவைதான். எனவே கையடக்கக் கருவியைச் செய்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே சிறு உண்டியலை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறார்கள்.

முதல் பெருஞ்செலவு வெளிச்சம். கேம் பாய் அந்தச் செலவைச் செய்யவே இல்லை. எப்படி என்று பார்க்க, அந்தப் பச்சைத் திரைக்குள் கொஞ்சம் போகலாம்.

1888இல் பிராக் நகரத்தில் பிரெடரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமானது. மேலும் சூடாக்கினால் 178.5 டிகிரியில் கலங்கல் மறைந்து தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? கலங்கலாக இருந்த அந்த இடைநிலையில் மூலக்கூறுகள் தண்ணீர்போல் ஓடவும் செய்தன, படிகம்போல் ஒரே திசை பார்த்து வரிசையில் நிற்கவும் செய்தன. திரவப் படிகம் என்பது இதுதான்.

ஆற்றோடு மிதந்து போகும் மரக்கட்டைகளைப்போல் அந்த நீள மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்து ஒழுங்காகும். மெல்லிய வரிப்பள்ளங்கள் உள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அவற்றை அடைத்து, மேல் கண்ணாடியின் பள்ளங்களைக் கீழ்க் கண்ணாடியின் பள்ளங்களுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால், மூலக்கூறுகள் மேலிருந்து கீழ்வரை சுழல்படிக்கட்டுபோல் முறுக்கி நிற்கும். உள்ளே வரும் ஒளியின் அதிர்வுத் திசையும் படிக்கட்டோடு சேர்ந்து திரும்பும். இரு புறமும் ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் தாள்களை ஒட்டி, அடியில் பளபளப்பான ஒரு படலம் வைத்தால், அறையின் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். அந்த இடம் வெளிறித் தெரியும். மின்னழுத்தம் கொடுத்தால் படிக்கட்டு குலையும், ஒளி வழி தவறி அடைபடும், அந்தப் புள்ளி கறுக்கும்.

இதில் திரை தன் பங்குக்கு ஒரு துளி ஒளியையும் உண்டாக்கவில்லை. ஜன்னல் வெளிச்சமோ தெருவிளக்கோ வேலையைச் செய்கிறது; பேட்டரி கதவைத் திறந்து மூட மட்டும் செலவாகிறது. வண்ணம் வேண்டுமென்றால் கதை மாறிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து வடிகட்டி வைக்க வேண்டும்; வரும் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த வடிகட்டியே விழுங்கிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பின்னால் விளக்கு வைத்தாக வேண்டும். கேம் கியருக்குள் ஒரு குட்டி டியூப்லைட்டே இருந்தது. ஆறு பேட்டரியும் எங்கே போயின என்பதற்கு அதுதான் பதில்.

அடுத்த சிக்கனம் நினைவகத்தில். கேம் பாய் திரையில் அகலத்துக்கு 160, உயரத்துக்கு 144 என்று மொத்தம் 23,040 புள்ளிகள். விநாடிக்கு ஏறக்குறைய அறுபது முறை அத்தனையையும் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருக்க 4.19 மெகாஹெர்ட்ஸ் சில்லால் ஆகாது. அதனால் அது அந்தக் கால அச்சுக்கூடத்தின் வேலைமுறையைப் பின்பற்றியது. அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு 'அ'வையும் புதிதாக வார்ப்பதில்லை. அறைப்பெட்டியில் இருக்கும் ஈய எழுத்தை எடுத்து அடுக்குவார். கேம் பாயில் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு சதுரம்தான் எழுத்து. ஒரு சதுரத்துக்கு 16 பைட். 384 சதுரங்களுக்கு இடம். எந்தச் சதுரம் எங்கே என்று சொல்லும் 32க்கு 32 கட்டங்கள் கொண்ட வரைபடம் இரண்டு, ஒவ்வொன்றும் 1,024 பைட். கூட்டிப் பாருங்கள்: 8,192. படத்துக்கென்று அந்தக் கருவிக்குள் இருக்கும் நினைவகம் சரியாக அவ்வளவுதான், ஒரு பைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தக் கூட்டலை முதன்முறை போட்டுப் பார்த்தபோது ஒரு நல்ல தச்சர் பூட்டிய மூட்டைத் தடவிப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு.

மாரியோ ஓடும்போது பின்னால் நகரும் உலகத்தையும் யாரும் திரும்ப வரைவதில்லை. 256க்கு 256 புள்ளிகள் கொண்ட பெரிய தாளின் மேல் திரை ஒரு ஜன்னல்போல் நகர்கிறது. இரண்டு எண்களை மாற்றினால் போதும். டெட்ரிஸ் விளையாட்டு மொத்தமும் 32 கிலோபைட் கேசட்டில் அடங்கிவிட்டது. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறு டெட்ரிஸ் வைக்கலாம்.

அந்தச் சில்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு படத்துக்கான கணக்கை முடித்துவிட்டு, அடுத்த படத்துக்கான நேரம் வரும்வரை அதைத் தூங்கச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. கவனமாக எழுதிய விளையாட்டுகளில் நம் விரல் பரபரத்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே கருவி விநாடிக்கு அறுபது முறை கண் அயர்ந்து எழும். ஒவ்வொரு தூக்கத்திலும் பேட்டரி கொஞ்சம் மிச்சம்.

இப்படி ஒரு பெட்டி பிறக்கக் காரணமாக இருந்தவர் குன்பெய் யோகோய். 1965இல் கியோட்டோவில் மின்னணுப் படிப்பை முடித்துவிட்டு, அப்போது பூச்சீட்டுக் கட்டுகள் அச்சிட்டுக்கொண்டிருந்த நின்டெண்டோவில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் புல்லட் ரயிலில் பொழுதுபோகாத ஒருவர் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஜப்பானிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கால்குலேட்டர் செய்ததில் திரவப் படிகத் திரையும் சில்லும் மிக மலிந்திருந்த காலம் அது. அவற்றை வைத்தே 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற சட்டைப்பை விளையாட்டைச் செய்தார். பின்னர் அவருடைய குழுதான் கேம் பாயை உருவாக்கியது; பொறியியல் வேலையில் சதோரு ஒகாடாவின் பங்கு பெரிது.

தன் வழியை அவர் விவரித்த ஜப்பானியத் தொடரை 'உலர்ந்த தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது' என்று சொல்லலாம். 'உலர்ந்த' என்பதை 'வாடிப்போன' என்றும் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு நம் தச்சர்களின் பேச்சு நினைவுக்கு வருகிறது. பச்சை மரத்தில் நிலைக்கதவு செய்ய மாட்டார்கள், வெடிக்கும், கோணும். ஈரம் போய், அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடித்த மரத்தைத்தான் இழைப்பார்கள். புதுச் சில்லும் புதுத் திரையும் பச்சை மரம். அவற்றின் குறைகள் வெளிவர ஆண்டுகள் ஆகும்; விலை இறங்கவும் ஆண்டுகள் ஆகும். எல்லாரும் அறிந்த பொருளை யாரும் நினைக்காத இடத்தில் வைத்தார் யோகோய். 1997இல் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்தபோது வயது 56.

தொண்ணூறுகளில் நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் தொங்கிய 'பிரிக் கேம்' நினைவிருக்கிறதா? 9999 விளையாட்டுகள் என்று அட்டையில் போட்டிருக்கும். பெரும்பாலும் விழும் கட்டைகள்தான். கேம் பாயின் திரைகூட இல்லாமல், கால்குலேட்டர்போல் முன்கூட்டியே வெட்டி வைத்த கட்டங்களில் டெட்ரிஸ் ஓடியது. ஓரிரண்டு பேட்டரி மாதக்கணக்கில் வரும். அசல் கேம் பாயைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கைக்கு அந்த உலர்ந்த மரத்தின் ஒரு சிராய் வந்து சேர்ந்தது. பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு நாங்கள் சண்டை போட்டது காற்றுக்காக மட்டும் அல்ல. அங்கேதான் கட்டைகள் கண்ணுக்குத் தெரியும்.

சரி, அந்த இரண்டு ஸ்விட்ச்கள். அவை ஒவ்வொன்றின் திரையிலும் 9,21,600 புள்ளிகள், கேம் பாயைப்போல் சரியாக நாற்பது மடங்கு. அத்தனைக்கும் வண்ணம், பின்வெளிச்சம். சில்லு விநாடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கோடிக்கணக்கான நுண் கதவுகள் மின்னேற்றம் பெற்று இறக்குகின்றன. அதற்காகும் சக்தி மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும், குறையும். அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 2017இன் சில்லு 20 நானோமீட்டர் முறையில் வார்த்தது. கதவு தட்டையாக இருந்ததால், மூடியிருக்கும்போதும் குழாயில் சொட்டும் நீர்போல் மின்சாரம் கசிந்தது. 2019இல் அதே சில்லை 16 நானோமீட்டர் முறையில் வார்த்தார்கள். கதவு மீன்துடுப்புபோல் நிமிர்ந்து நிற்க, கட்டுப்படுத்தும் முனை மூன்று பக்கமும் அணைத்துப் பிடித்தது. கசிவு குறைந்தது, குறைந்த அழுத்தத்திலேயே வேலை நடந்தது. விளையாட்டுகள் எல்லாம் பழையவைதான், வேகமும் பழையதுதான். கூடியது நேரம் மட்டும்.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். பழைய கருவி வாங்கும்போது கீறலையும் பொத்தானையும் பார்க்கிறோம், அவையும் முக்கியம்தான். லித்தியம் பேட்டரிக்கு வயதாகும் என்பதால் சார்ஜ் எப்படி இறங்குகிறது என்று அங்கேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதே 16 வாட்-மணியை உள்ளே இருக்கும் சில்லு எப்படிச் செலவழிக்கிறது என்பதுதான். அது கருவியின் அடிப்பக்கத்தில் உள்ள தொடர் எண்ணிலேயே இருக்கிறது. எக்ஸ்ஏடபிள்யூ என்று தொடங்கினால் பழைய வார்ப்பு. எக்ஸ்கேடபிள்யூ என்றால் புதியது.

அவன் இரண்டையும் கவிழ்த்து, கைபேசி விளக்கை அடித்து, பொடி எழுத்தை உதடசைய வாசித்தான். முதலாவதைக் கடைக்காரர் பக்கம் மெல்ல நகர்த்தினான். இரண்டாவதை விடவில்லை.

"அண்ணே, இதுக்குப் பெட்டி இருக்கா?"