உங்களுக்குத் தெரியுமா? லூமுட் கரையில் டச்சு நீர்மூழ்கி

1943 மே 24: ஜப்பானியர் ஆண்ட மலாயாவில், லூமுட்டுக்கு வடக்கே செகாரி கடலோரம், டச்சு நீர்மூழ்கி ஓ-24 ஆறு பேரை இரகசியமாக இறக்கிவிட்டது. பிரிட்டனின் இரகசியப் படையான ஃபோர்ஸ் 136-ஐச் சேர்ந்த ஜான் டேவிஸும் ஐந்து சீன உளவாளிகளும்தான் அவர்கள். கரை சேர்த்தவை மடக்குப் படகுகள்.

• அதே ஆண்டு நவம்பரில், அதே படையின் லிம் போ செங்கும் நீர்மூழ்கி வழியாகவே பேராக் வந்தார். 1944 மார்ச்சில் பிடிபட்டார். ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

• ஓ-24 ஏறத்தாழ 78 மீட்டர் நீளம். 1:700 அளவில் மாதிரி செய்தால் 11 சென்டிமீட்டர்தான், ஒரு பேனாவைவிடச் சிறியது! ஐந்து மீட்டர் மடக்குப் படகு அதில் வெறும் 7 மில்லிமீட்டர்.

• பிளாஸ்டிக் மாதிரி செய்யப் பழகும் புதியவர்களுக்குப் போர்க்கால நீர்மூழ்கிதான் ஏற்ற முதல் மாதிரி என்பது என் உறுதியான எண்ணம். போர்க்கப்பலைப்போல நூற்றுக்கணக்கான துண்டுகள் இல்லை, விலையும் குறைவு. உடற்பகுதி பெரும்பாலும் இரண்டே பாதிகளாக வரும். பசை தடவி, ரப்பர் வளையம் மாட்டி, ஒருநாள் காயவிடுங்கள். இணைப்புக் கோட்டைப் புட்டி (putty) பசையால் நிரப்பி, நீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள். அவசரப்பட்டால் அந்தக் கோடு சாயத்துக்கு அடியிலும் தெரியும்.

• மாதிரிக்கான ஏரியல் கம்பியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. துண்டுகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு குச்சியை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து, இளகியதும் விலக்கி மெல்ல இழுங்கள். மயிரிழைக் கம்பி கிடைக்கும். சிறுவர்கள் செய்தால் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.