கடைசிப் பக்கத்துக்குப் பிறகு என்ன?

2007ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி, சனிக்கிழமை. லண்டனில் நள்ளிரவு 12.01 மணி, சிங்கப்பூரில் காலை 7.01 மணி. ஜே. கே. ரோலிங் எழுதிய ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் ஏழாவது, கடைசி நூல் அந்த நிமிடத்தில்தான் இங்கு விற்பனைக்கு வந்தது. புத்தகக் கடைகளில் இளையர்கள் விடியற்காலையிலேயே வரிசை பிடித்து நின்றனர். 607 பக்கங்கள் கொண்ட அந்த நூலைச் சிலர் அந்த வாரயிறுதியிலேயே முடித்துவிட்டனர்.

முடித்த பிறகு? எதையோ பறிகொடுத்தது போன்ற ஒரு வெறுமை. “வெறும் கதைதானே, இதற்கா இத்தனை வருத்தம்?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆனால் அந்த வருத்தத்துக்குக் காரணம் உண்டு.

முதல் நூல் வெளிவந்தது 1997ல். அதை 11 வயதில் கையில் எடுத்த பிள்ளைக்குக் கடைசி நூல் வந்தபோது வயது 21. ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் இடையே காத்திருந்த காலம், அடுத்து என்ன நடக்கும் என்று பள்ளி உணவகத்தில் நண்பர்களோடு போட்ட சண்டை, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாசிப்பு. கடைசிப் பக்கத்தில் கதையோடு அவையும் முடிந்துவிடுகின்றன.

நம் தாத்தா பாட்டிகளுக்கும் இது புதிதல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ல் வார இதழில் தொடங்கி 1954ல்தான் நிறைவடைந்தது. மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் எளிதில் விட்டுவிடவில்லை. வந்தியத்தேவன் பிறகு என்ன ஆனான், குந்தவை என்ன ஆனாள் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி அதில் பதில் சொன்னார். ரோலிங்கும் 19 ஆண்டுகளுக்குப் பிந்திய காட்சி ஒன்றை எழுதித்தான் தம் கதையை முடித்தார். நேசித்த பாத்திரங்கள் நலமாக இருக்கிறார்களா என்று அறியும் ஆவல் எல்லா வாசகருக்கும் பொது.

1954 டிசம்பர் 5ஆம் தேதி கல்கி மறைந்தார். அவர் பாதியில் விட்டுச் சென்ற ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி முடித்தார். ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார்.

இதில் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஒரு செய்தி இருக்கிறது. ஒரு வரிசையை முடித்த பிள்ளை அடுத்த கதைக்காக ஏங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு தமிழ் நூலை நீட்டலாம். நீட்டாவிட்டால் அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்ளும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர் இல்லங்களில் அதிகம் பேசப்படும் மொழி ஆங்கிலம். பல பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாடநூலும் தேர்வும்தான். ஆங்கிலத்தில் 600 பக்கம் படிக்கும் பிள்ளை, தமிழில் அரைப் பக்கத்தில் நின்றுவிடுகிறது.

“கல்கியின் நடை இந்தக் காலப் பிள்ளைகளுக்குக் கடினம், பெயர்களும் அதிகம்” என்று சொல்வது நியாயமே. ஐந்து பாகங்களையும் ஒரேயடியாகக் கொடுத்தால் பிள்ளை மிரண்டுவிடும். இரவில் ஓர் அத்தியாயத்தைப் பெற்றோரே வாய்விட்டுப் படிக்கலாம். வாரத் தொடராக எழுதப்பட்டதால், பல அத்தியாயங்கள் அடுத்தது எப்போது என்று கேட்க வைக்கும் இடத்தில்தான் முடியும். 2022லும் 2023லும் வந்த திரைப்படங்களை முதலில் காட்டி, பிறகு புத்தகத்துக்கு அழைத்து வரலாம். அருள்மொழிவர்மனின் மகன் ராஜேந்திரன் படையெடுத்த கடாரம், பக்கத்தில் மலேசியாவில் இருக்கும் கெடாதான் என்று சொன்னால் பிள்ளையின் காது நிமிரும். நூலைத் தேடித் தமிழகம் போக வேண்டியதில்லை. பொது நூலகங்களின் தமிழ்ப் பகுதி இருக்கிறது.

2007ல் வரிசையில் நின்ற இளையர்களில் பலர் இன்று பெற்றோர். காத்திருந்து படித்த சுகமும் முடித்தபின் வந்த வெறுமையும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சுகத்தைத் தமிழிலும் பிள்ளைக்குக் கொடுக்க, இன்றிரவு ஓர் அத்தியாயம் போதும்.