சேர்வராயன் மேட்டில் ஒரு மில்லிமீட்டர்

ஏற்காட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலத்து விளக்குகள். பகோடா பாயின்ட்டில் அடுக்கடுக்காக மலை. சேர்வராயன் கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டால் நாலாபக்கமும் வானம்தான். 5,326 அடி உயரத்தில் இருக்கும் அந்தக் கோயில், குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து திரண்டு வருவார்கள். மற்ற நாட்களில் அந்த மேட்டை ஆள்வது காற்றும் புல்லும்.

அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தால் வேறோர் ஏற்காடு தெரியும். புல்லும் பூக்கும் என்பதே பலருக்கு நினைவிருக்காது. கதிரிலிருந்து மெல்லிய நூலில் மகரந்தப் பைகள் தொங்கும். ஒவ்வொன்றும் ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளம். பாக்சைட் கலந்த செம்மண்ணில் எறும்புப் போக்குவரத்து. பாறைமேல் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருப்பவை, நம் வீட்டுக் குழம்பில் விழும் கல்பாசியின் சொந்தக்காரர்கள்.

இவற்றைப் படமெடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது மேக்ரோ லென்ஸ். என்னைக் கேட்டால், முதலில் ஒரு ஃப்ளாஷும் அதன் முன்னால் பிடிக்க ஒரு வெள்ளைத் தாளும் வாங்குங்கள் என்பேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

மேக்ரோ உலகில் 1:1 என்பது அடிப்படை அளவு. 10 மி.மீ. எறும்பு, கேமராவின் சென்சார் மீதும் 10 மி.மீ. நீளத்துக்கே விழும். நடுத்தர விலைக் கேமராக்களின் சென்சார் சுமார் 24 மி.மீ. அகலம். ஆக, 24 மி.மீ. அகலமுள்ள நிலம் படம் முழுவதையும் நிரப்பிவிடும். ஆழம்தான் சிக்கல். சாதாரணப் படத்தில் ஆளும் தெளிவாக இருப்பார், பின்னாலிருக்கும் மரமும் ஏறக்குறையத் தெளிவாக இருக்கும். 1:1 அளவில், லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்தால் தெளிவாக விழும் பகுதியின் தடிமன் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. 2:1-க்குப் போனால் கால் மில்லிமீட்டர். சிலந்தியின் கண் தெளிவாக இருந்தால் கால் மங்கிவிடும்.

அப்பர்ச்சரை இன்னும் சுருக்கி, எஃப் 16, எஃப் 22 என்று போனால் ஆழம் கூடாதா? கூடும். ஆனால் இங்கே ஒளி இரண்டு விதத்தில் பழிவாங்கும். பொருளை நெருங்க நெருங்க, லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒளி கடக்க வேண்டிய தூரம் நீள்கிறது. 1:1-ல் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16 ஆகிவிடும். வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். இரண்டாவது, சின்னத் துளை வழியாகப் போகும் ஒளி அலை விரிந்து போகிறது. எஃப் 16 வைத்தால் நடைமுறையில் அது எஃப் 32. அப்போது ஒரு புள்ளி சென்சாரில் 40 மைக்ரான் அகல வட்டமாகப் பரவும். சென்சாரின் ஒரு பிக்சலோ 4 மைக்ரான்தான். லட்ச ரூபாய் லென்ஸானாலும் இந்த விதிக்குத் தப்பாது.

இத்தனைக்கும் மேலே சேர்வராயன் மேட்டுக் காற்று இருக்கிறது. அங்கே மரம் தடுப்பதில்லை. காற்று நேராக வந்து புல்லைத் தொடும். ஒரு கதிர் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் அசைகிறது என்று வையுங்கள். மலையேறி வந்தவருக்கு அது மென்காற்று. ஷட்டரை 1/200 நொடி திறந்தால் அதற்குள் கதிர் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 1:1-ல் சென்சாரிலும் அதே அரை மில்லிமீட்டர், அதாவது 125 பிக்சல். மகரந்தப் பை இருந்த இடத்தில் மஞ்சள் தீற்றல்தான் மிஞ்சும். விலையுயர்ந்த டிரைபாட் கேமராவைத்தான் அசையாமல் பிடிக்கும். புல்லை யார் பிடிப்பது?

பிடிப்பது ஃப்ளாஷ். சின்ன ஃப்ளாஷ்களில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு மங்கலாக எரிவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அதே வீச்சில் பளிச்சென்று பற்றிக்கொண்டு, சீக்கிரமே அறுக்கப்படுகிறது. உள்ளிருக்கும் மின்சுவிட்சு மின்சாரத்தைப் பாதியில் வெட்டிவிடும். முழு வீச்சில் ஏறக்குறைய 1/1000 நொடி எரியும் ஃப்ளாஷ், பதினாறில் ஒரு பங்கு வீச்சில் சுமார் 1/10,000 நொடிதான் எரியும். அதே கதிர் அந்த நேரத்தில் நகர்வது 10 மைக்ரான், இரண்டரை பிக்சல். கண்ணுக்குக் காற்றே நின்றுபோனது போலத் தெரியும். பொருள் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் அந்தக் குறைந்த வீச்சே எஃப் 8-க்கும் போதும்.

ஆனால் வெறும் ஃப்ளாஷ் முரட்டுத்தனமானது. வண்டின் முதுகிலும் பழுத்த காப்பிப் பழத்தின் தோலிலும் வெள்ளைப் பொட்டு ஒன்று சுட்டெரிக்கும். ஒளி மென்மையாக இருக்க, அது வரும் பரப்பு பூச்சியின் பக்கத்திலிருந்து பார்க்கப் பெரியதாக இருக்க வேண்டும். உள்ளங்கையளவு டிரேஸிங் பேப்பர் பூச்சியிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால் அதற்கு அது பாதி வானம். சிப்ஸ் டப்பாவை வெட்டி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, வாயில் இரண்டு மடிப்பு டிரேஸிங் பேப்பர் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் ஏராளம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வேலை சுத்தமாக நடக்கும். ஃப்ளாஷில் எடுத்தால் பின்னணி கறுத்து, பட்டப்பகல் படம் நள்ளிரவு போல ஆகிவிடும் என்ற குறை உண்டு. பூச்சிக்குப் பின்னால் ஒரு பச்சை இலை வருகிற மாதிரி நின்றுகொண்டால் அதுவும் தீரும்.

சரி, லென்ஸ். மேக்ரோ லென்ஸின் வரலாற்றில் ஒரு சுவையான திருப்பம். நிக்கான் 1956-ல் கொண்டுவந்த 5 செ.மீ. மைக்ரோ-நிக்கார், பூச்சிக்காக உருவானதே இல்லை. நெருக்கமாக அச்சான ஜப்பானிய எழுத்துகள் கொண்ட பக்கங்களை மைக்ரோஃபிலிமில் பதிய வேண்டும் என்பதுதான் தேவை. தட்டையான தாள், மூலை வரை ஒரே தெளிவு. மேக்ரோ லென்ஸுக்கு நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு இன்னமும் அந்த மூலைத் தெளிவுக்குத்தான் போகிறது. சிலந்தி தாள் இல்லையே! அது உருண்டை, படத்தின் மூலையில் இருப்பது எப்படியும் முக்கால் மில்லிமீட்டருக்கு வெளியே மங்கிக் கிடக்கும். அதனால்தான் மலிவான வழிகள் பூச்சி விஷயத்தில் இவ்வளவு நன்றாகப் பலிக்கின்றன.

வீட்டில் இருக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. வெற்றுக் குழாய் ஒன்றைச் செருகினால் 1:2 அளவு கிடைக்கும்; 50 மி.மீ. குழாய் என்றால் 1:1. எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்று விற்பது இதைத்தான். உள்ளே கண்ணாடியே கிடையாது. மின் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இப்போதைய பல லென்ஸ்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. இன்னொரு வழி, ஜூம் லென்ஸின் முகப்பில் கவ்வி மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். ரேனாக்ஸ் டி.சி.ஆர்-250 இதில் பெயர் பெற்றது. 8 டயாப்டர் திறன். 55-250 ஜூமின் 250 முனையில் மாட்டினால் நேராக 2:1. ஜூமை எங்கே திருகினாலும் பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடைவெளி ஏறக்குறைய 12 செ.மீ.தான், மாறாது. கேமராவைத் திறக்காமலே மாட்டலாம், கழற்றலாம். பனிக்காற்றும் செம்மண் தூசியும் மாறி மாறி அடிக்கும் மேட்டில் கேமராவின் வாயைத் திறக்காமல் இருப்பதே பெரிய லாபம்.

எல்லாவற்றிலும் மலிவு, பழைய லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் ரிங். சில நூறு ரூபாய்தான். 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் இரண்டு மடங்குக்கு மேலே போகலாம். ஆனால் பூச்சிக்கு 4.5 செ.மீ. பக்கத்தில் போயாக வேண்டும். கேமராவின் நிழலே அதன்மேல் விழும். வண்ணத்துப்பூச்சி இதற்கு நிற்காது. அதற்கு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் தரும் 14 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆக, நீங்கள் தேடுவது பறந்துபோகுமா, இருந்த இடத்திலேயே இருக்குமா என்பதைத் தீர்மானித்துவிட்டு லென்ஸைத் தீர்மானிப்பது நல்லது.

இருந்த இடத்திலேயே இருப்பதற்கு ஏற்காட்டில் நல்ல உதாரணம், காப்பிப் பழத்தில் விழும் துளை. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இன்றும் கோயில் மேட்டிலிருந்து இறங்கினால் சில்வர் ஓக் நிழலில் காப்பிதான். காய்த்துளைப்பான் வண்டு 1990-ல் கூடலூர்ப் பக்கம் கண்டறியப்பட்டு, பிறகு தென்னிந்தியத் தோட்டங்களுக்குப் பரவியது. பெண் வண்டு ஒன்றரை மி.மீ. நீளம். பழத்தின் நுனியில், பூ உதிர்ந்த தழும்பில், குண்டூசி குத்தியது போல ஒரு துளை போட்டு உள்ளே போய்விடும். பறக்க முடியாத ஆண் வண்டு அந்தப் பழத்துக்குள்ளேயே பிறந்து, இணை சேர்ந்து, செத்தும் போகும்.

1:1-ல் இந்த வண்டு சென்சாரின் அகலத்தில் பதினாறில் ஒரு பங்கு, 375 பிக்சல். முதுகிலிருக்கும் முடிகள் தெரிய வேண்டுமானால் 2:1 தேவை. அங்கே ஆழம் கால் மில்லிமீட்டர் என்று பார்த்தோம். ஒரே படத்தில் முழு வண்டும் தெளிவாக வராது. ஆனால் துளையும் பழமும் ஓடப்போவதில்லை. தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு கொத்தை வாங்கி வந்து, அறைக்குள் காற்றில்லாமல் வைத்து, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் தெளிவான பகுதிகளை மட்டும் ஒன்றாகச் சேர்க்கலாம். இந்த வேலைக்குத் திருப்பி மாட்டிய லென்ஸும் போதும், டிரைபாடும் இங்கேதான் தன் காசைச் சம்பாதிக்கும். பாறைக் கல்பாசிக்கும், மில்லிமீட்டர் அளவு ஆர்க்கிட் பூக்களுக்கும் இதே முறை. ஆர்க்கிட் என்றால் பெரிய பூ என்று நினைக்கிறவர்கள் ஒபெரோனியா இனத்தைப் பார்க்க வேண்டும். கதிரில் நெருக்கமாக அடுக்கிய பூ ஒவ்வொன்றும் ஓரிரண்டு மி.மீ.தான். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பண்ணை ஏற்காட்டில் 1963 முதல் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் பூக்களோடு நின்றுவிடாமல் இப்படிப்பட்டவற்றையும் கேட்டுப் பார்க்கலாம்.

மேட்டுப் புல்லில் டிரைபாடை விட, சின்னத் துணிப்பையில் பட்டாணியை அடைத்துக் கேமராவுக்கு அடியில் வைப்பது உத்தமம். முக்கால் மில்லிமீட்டர் ஆழத்தைக் கையால் பிடிக்க, ஃபோகஸை ஓரிடத்தில் பூட்டிவிட்டு உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே பத்துப் பதினைந்து படம் எடுப்பார்கள். ஒன்று தேறும். கையிலிருப்பதை ஒட்டுப்போட்டுக் கருவி செய்துகொள்வது நம் ஊரில் புதிதல்ல. காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912-1996) வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் சூட்டியிருந்தார். அதை வைத்து அவர் எடுத்த யானைப் படங்களைப் பார்த்தால் கடைச் சரக்கு பற்றிய கவலை குறையும்.

போன் போதாதா என்பார்கள். பனித்துளிக்குப் போதும். 2021-க்குப் பிறகு வந்த சில போன்கள் 2 செ.மீ. பக்கம் வரை ஃபோகஸ் ஆகும். சென்சார் சிறியதால், அதே காட்சிக்கு ஆழமும் கூடுதலாகக் கிடைக்கும். காலையில் புல்நுனித் துளிக்குள் எதிர்ப்பக்கத்து மலையும் மரமும் தலைகீழாகத் தொங்கும். துளியே ஒரு லென்ஸ். அந்தக் குட்டி மலை தெளிவாக வர, துளியின் விளிம்பை விட்டுவிட்டு உள்ளே தெரியும் பிம்பத்தின் மேல் ஃபோகஸ் செய்ய வேண்டும். காற்று எழும்பிவிட்டால் போன் கைகொடுக்காது. அதன் எல்.இ.டி. தொடர்ந்து எரியும் விளக்கு, வெட்டுப்படும் ஃப்ளாஷ் அல்ல.

கடைசியாக வாங்க வேண்டியதைப் பலர் வாங்குவதே இல்லை: காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். ஏற்காட்டு மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும். ஈரம் தொடர்ந்து 60, 70 சதவீதத்துக்கு மேலே நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சேலத்திலிருந்து ஏ.சி. போட்ட காரில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, குளிர்ந்த கேமராவை ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடியெல்லாம் வேர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் ஏதாவது தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.